பதினாலாம் நம்பர் ரத்தம்

ஓரகத்திக்கு அந்த வேலை கிடைக்க வழி செய்தவளே மூத்தவள்தான். பிற்பாடு அதை நினைத்து எத்தனையோ தடவை தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள் என்றாலும், உண்மை அதுதான். கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. வந்த பெண் ரத்தத்தைப் பற்றியே ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். படித்த படிப்புக்கு வேலை அமையாமல் மாடி அறையில் பொழுதைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது, எங்கள் லேபில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, எழுதிப் போட்டுப் பாரேன் என்று மூத்தவள் சொன்னாள். மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. பெரியவளுக்குப் பெரிய மனசு என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தது. இளையவளை உண்மையிலேயே எடுத்துக்கொள்வார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் இருந்தது அந்த ரத்த ஆராய்ச்சிக்கூடம். மூத்தவள் அங்கே பதினோரு வருஷமாக ஃப்ளோ மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துளி ரத்தத்தைக் கரைத்துக் கொடுத்தால், அதிலுள்ள அணுக்களை ஒற்றை வரிசையில் நிறுத்தி, லேசர் வெளிச்சத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிடும் மெஷின் அது. எந்த அணு எவ்வளவு பெரியது, எவ்வளவு ஒளிர்கிறது என்று அளந்து, திரையில் ஒரு மலை மாதிரி கோடு வரைந்து காட்டும். மலை வலதுபக்கம் தள்ளி நின்றால் ஒளி அதிகம், இடதுபக்கம் வந்தால் குறைவு. மெஷின் சத்தத்தை வைத்தே எந்தக் குழாயில் அடைப்பு என்று மூத்தவள் சொல்லிவிடுவாள். அவளைக் கேட்காமல் அதன் ஸ்விட்சைக்கூட யாரும் தொடமாட்டார்கள். கூடத்தில் எல்லாருக்கும் அவள் 'மெஷின் அக்கா'.

ஆனால் அவளுக்குள் ஒரு முள் இருந்தது. அவளும் ஒரு காலத்தில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்தவள்தான். மகள் பிறந்தாள், அப்புறம் மாமனாருக்கு உடம்புக்கு முடியாமல் போனது, ஒரு வருஷம் தள்ளிப்போட்டது இரண்டாகி மூன்றாகி, கடைசியில் பதிவு தானாகவே ரத்தாகிவிட்டது. யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. யாரும் தொடரச் சொல்லவும் இல்லை. இளையவள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டு வாசலில் தபால் வந்த நாளில், அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் மூத்தவள். உறையை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுக்காமல் சாயங்காலம் வரை ஃப்ரிட்ஜுக்கு மேலேயே வைத்திருந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டே மாதத்தில் எல்லார் வாயிலும் இளையவள் பேச்சுதான். கூடத்தின் தலைவரான பேராசிரியர் முன்பெல்லாம் திரையில் மலை எழும்பியதும் மூத்தவளைத் திரும்பிப் பார்த்து, என்ன சொல்கிறது என்று கேட்பார். இப்போது மூத்தவளை ஓட்டச் சொல்லிவிட்டு, இளையவளைப் பார்த்துக் கேட்டார். வீட்டிலும் அதே கதைதான். எட்டாவது படிக்கிற மகள், அறிவியல் பாடத்தில் சந்தேகம் வந்தால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சித்தியிடம் மாடிக்கு ஓடினாள். "அம்மாகிட்டயே கேக்கலாமே" என்று மூத்தவள் ஒருநாள் சொன்னதற்கு, "சித்தி படம் போட்டுச் சொல்லித்தராங்கம்மா, நீ திட்டித்திட்டிச் சொல்ற" என்றது பெண். கணவன் அதைக் கேட்டுச் சிரித்தான். அன்றைக்கு அவன் சட்டை இஸ்திரி ஆகாமலே கிடந்தது.

அந்த வருஷம் கூடத்தில் நடந்த ஆராய்ச்சி, காயம் பட்டால் ரத்தம் சட்டென்று நிற்காதவர்களைப் பற்றியது. நமக்குக் காயம் பட்டால் முதலில் ஓடிப்போய் அடைப்பவை தட்டணுக்கள். ஓடுகிற ரத்தம் அடித்துக்கொண்டு போய்விடாமல், கிழிந்த இடத்தைப் பற்றிக்கொள்ள அவற்றுக்கு ஒரு கை வேண்டும். அந்தக் கையைத்தான் ஏற்பி என்கிறார்கள். சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது. சிலருக்குப் பாதி இருக்கும். பாதி இருப்பவர்களில் பலருக்கு அது ஆயுசுக்கும் தெரியாது. அந்த ஏற்பியை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிற புரதம் ஒன்று உண்டு, ஆன்டிபாடி என்பார்கள். அதோடு பச்சையாய் ஒளிர்கிற சாயத்தைச் சேர்த்துவிட்டால், ஏற்பி நிறைய இருக்கிற அணு மெஷினில் பளிச்சென்று தெரியும், குறைவாக இருப்பது மங்கலாகத் தெரியும்.

சாயம் சேர்த்த அந்த ஆன்டிபாடியை இதுவரை வெளியே ஒரு கம்பெனியிலிருந்துதான் வரவழைத்தார்கள். மூத்தவள்தான் எழுதிப்போடுவாள், வருவதற்கு இரண்டு மாதம் ஆகும். இளையவள் சேர்ந்த நான்காவது மாதம், சாயம் சேர்க்காத ஆன்டிபாடி நம் ஃப்ரிட்ஜிலேயே இருக்கிறதே, சாயத்தை நாமே சேர்த்துக்கொண்டால் என்ன என்று கேட்டாள். மூத்தவள் மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். இரண்டு பேர் முன்பு முயன்று கையைச் சுட்டுக்கொண்ட வேலை அது.

இளையவள் இரண்டு நாளில் முடித்துவிட்டாள். மூன்றாம் நாள் காலை அலுமினியத் தாளில் சுற்றிய சின்னக் குழாயோடு மெஷின் அறைக்கு வந்தாள். மூத்தவள் ஓட்டினாள். மலை எழும்பியது. கம்பெனி ஆன்டிபாடியில் எழும்பும் மலையைவிட ஒரு விரல்கடை வலதுபக்கம் தள்ளி, ஒல்லியாக, நேராக நின்றது. பின்னால் நின்ற பேராசிரியர் சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினார். பக்கத்து அறைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அத்தனை பேரும் திரையைப் பார்த்தார்கள், பிறகு இளையவளைப் பார்த்தார்கள். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளை யாரும் பார்க்கவில்லை. "நல்லா வந்திருக்கு" என்று மூத்தவளும் சொன்னாள். சொல்லிவிட்டு மெஷினைக் கழுவ ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பச்சை நிறத்தைக் கண்டாலே ஆகாமல் போனது. இளையவள் சிரித்தால் சத்தமாகச் சிரிப்பதாகப் பட்டது. சிரிக்காவிட்டால் கர்வம் என்று பட்டது. "அக்கா, டீ குடிக்கலாமா?" என்று கேட்டால், தன்னை வேலை செய்யவிடாமல் இழுக்கிறாள் என்று தோன்றியது. கேட்காமல் போனால் மதிக்கவில்லை என்று தோன்றியது. இதெல்லாம் நியாயமில்லை என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன, எரிகிற இடம் எரிந்துகொண்டுதான் இருந்தது.

நோயாளிகளின் ரத்தத்தில் பார்ப்பதற்கு முன்னால், ஆரோக்கியமான இருபது பேரின் ரத்தத்தில் அந்த ஆன்டிபாடியைச் சோதிக்க வேண்டும். பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது விதி. குழாயில் நம்பர் மட்டும்தான் இருக்கும். எந்த நம்பர் யார் என்கிற நோட்டு மூத்தவளின் இழுப்பறையில், பூட்டுக்குள். பத்து நாளில் பதிமூன்று பேர் முடிந்தார்கள். பதிமூன்று மலையும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

பதிமூன்று முடிந்த திங்கட்கிழமை மதியம் அது நடந்தது. பேராசிரியர் கூப்பிட்டார் என்று இளையவள் பாதி வேலையில் எழுந்து போயிருந்தாள். ஜன்னலோர மேஜையில், தாங்கியில், அந்தப் பச்சைக் குழாய் தாள் சுற்றாமல் நின்றது. வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் பட்டால் சாயம் செத்துப்போகும். கூடத்தில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரிந்த பால பாடம். அலுமினியத் தாள் உருளை மூத்தவளின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் கை அதை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. பிறகு அந்தக் கை சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டது.

அன்று அவள் மெதுவாகச் சாப்பிட்டாள். டிபன் டப்பாவைக் கழுவ வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். அரை மணி கழித்துத் திரும்பி வந்தபோது தாங்கி காலியாக இருந்தது. இளையவள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவள் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை வரவேண்டிய பதினாலாவது ஆள் வரவில்லை. மாற்று ஆள் தேட நேரமில்லாததால், மூத்தவள் தானே கையை நீட்டி, ரத்தம் எடுக்கிற நர்ஸிடம் கொடுத்தாள். ஆரோக்கியமான யாரும் கொடுக்கலாம், அவள் முன்பும் வேறு ஆராய்ச்சிகளுக்குக் கொடுத்திருக்கிறாள். படிவத்தில் கையெழுத்துப் போட்டு, நோட்டில் பதினாலுக்கு நேராகத் தன் பெயரை எழுதிப் பூட்டினாள். இளையவள் அன்று நூலகத்தில் இருந்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து பச்சைக் குழாயை எடுத்து, சேர்க்கவேண்டியதைச் சேர்த்து, மூத்தவளே ஓட்டினாள்.

மலை பாதி வழியில் நின்றுவிட்டது. மற்ற பதிமூன்றும் நின்ற இடத்துக்கு இந்தப் பக்கம், சரியாகப் பாதி வெளிச்சத்தில்.

முதலில் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. அடுத்து பயம் வந்தது. அந்த அரை மணி வெயில்தான் வேலையைக் காட்டிவிட்டது என்று நினைத்தாள். அவள் எதிர்பார்த்ததுதான் திரையில் வந்தது, அதனால் அதற்குமேல் அவள் எதையும் பார்க்கவில்லை. அணுக்களின் அளவைக் காட்டுகிற கட்டம் அதே திரையின் மூலையில் இருந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் கண் முதலில் போகிற இடம் அதுதான். அன்று போகவில்லை.

மறுநாள், வாராவாரம் நடக்கிற வியாழக்கிழமை கூட்டத்தில், அவள் தன் முறை வரும்வரை காத்திருந்து, நிதானமாகச் சொன்னாள்.

"பதினாலாவது ஆள் வரைக்கும் ஓட்டியாச்சு சார். புது ஆன்டிபாடி பாதியா மங்கிப்போச்சு. ரெண்டு வாரத்துலயே இப்படின்னா, நோயாளிங்க ரத்தத்துல இத நம்பிப் போட முடியுமான்னு யோசிக்கணும்."

பேராசிரியரின் முகம் சுருங்கியது. இளையவளைப் பார்த்தார். அவளுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. பார்க்கிறேன் சார் என்று மட்டும் சொன்னாள். எதற்கும் கம்பெனிக்கு ஒரு பாட்டில் எழுதிப்போட்டுவிடுங்கள் என்று பேராசிரியர் மூத்தவளிடம் சொன்னார். பல மாதத்துக்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்றுதான்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இளையவள் கீழே வரவில்லை. தலைவலி என்று கொழுந்தன் சொன்னான். பாவம், குழந்தை ரொம்ப உழைக்கிறது என்றார் மாமியார். மூத்தவள் தட்டில் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

ஒரு வாரம் போனது. அடுத்த புதன்கிழமை மெஷின் அறைக்கு இளையவள் கையில் நாலைந்து காகிதத்தோடு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு, "அக்கா, ஒரு நிமிஷம்" என்றாள்.

குற்றத்தைச் சாயத்தின் மேலோ மெஷின் மேலோ போடப்போகிறாள் என்று மூத்தவள் மனதுக்குள் தயாரானாள். ஆனால் இளையவள் காகிதங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். அந்த வியாழக்கிழமை மூத்தவள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, கூடத்துக்காரர்கள் மூன்று பேரிடம் ரத்தம் வாங்கி, அதே குழாயிலிருந்து எடுத்துப் போட்டு, மெஷினைத் தானே ஓட்டிப் பார்த்திருக்கிறாள். மூன்று பேருக்கும் முழு வெளிச்சம். ஆன்டிபாடி மங்கவே இல்லை. அப்படியானால் பதினாலாம் நம்பர் ரத்தத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று, மிச்சம் எடுத்துவைத்திருந்த ரத்தத்தில் வேறொரு ஆன்டிபாடியை அப்போதே போட்டிருக்கிறாள். அதிலும் பாதிதான். பிறகு ஒரு வாரமாகப் பழைய கட்டுரைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்கிறாள்.

"அளவப் பாருங்கக்கா" என்று ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். "தட்டணுவெல்லாம் பெருசு பெருசா இருக்கு. ஏற்பி பாதியா இருக்கறவங்களுக்கு இப்படித்தான் இருக்கும். இந்த ஆளுக்கு அது தெரியாதுன்னு நெனைக்கிறேன். ஒரு ஆபரேஷன், ஒரு பல்லு புடுங்கறதுன்னா ரத்தம் நிக்காம போகலாம். யாருன்னு எனக்குத் தெரிய வேணாம். நீங்க நோட்டப் பாத்து அவங்ககிட்ட சொல்லிடுங்க."

மூத்தவள் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் லட்சம் கட்டம் பார்த்த கண். ஒரு நொடிகூட வேண்டியிருக்கவில்லை. எந்தப் பயிற்சிக்காரி கொண்டுவந்து காட்டியிருந்தாலும், இதைக்கூடப் பார்க்கமாட்டாயா என்று திட்டியிருப்பாள்.

கடைவாய்ப்பல் பிடுங்கியபோது இரண்டு நாள் பஞ்சு வைத்துக்கொண்டே திரிந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. மகள் பிறந்தபோது, சிலருக்கு ரத்தம் இப்படித்தான் போகும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. மேஜை முனையில் லேசாக இடித்தாலே தொடையில் நீலம் பாரித்துவிடும். தன் தோல் அப்படி என்று இருந்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே, மாதக்கடைசியில் அவளுக்குப் பித்தப்பையில் கல் எடுக்க நாள் குறித்திருந்தது. பத்தொன்பது நாள் இருந்தது.

"வெளியூர் ஆளு" என்றாள் மூத்தவள். "நான் பாத்துச் சொல்லிடறேன்."

"மறந்துடாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு இளையவள் போனாள்.

அடுத்த இரண்டு நாளும் இளையவள் விட்டுப்போன காகிதங்களை மூத்தவள் எடுத்து எடுத்துப் பார்த்தாள். உயிர் பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக அரித்தது வேறொன்று. தன் ரத்தத்தில் நாற்பத்திரண்டு வருஷமாக இருந்த ஒரு விஷயம், அவளே பார்த்தும் அவள் கண்ணில் படவில்லை. போயும் போயும் இவள் கண்ணில் பட்டிருக்கிறது. எவளைக் கூட்டத்தில் தலைகுனிய வைத்தாளோ, அவளிடமே போய் நீ செய்தது சரி என்று சொல்லவேண்டும். இளையவள் தப்பாகச் செய்திருக்கக்கூடாதா என்று அவள் அப்போதும் ஆசைப்பட்டாள். தன் உடம்பு நன்றாக இருக்கவேண்டும் என்ற ஆசையும், அவள் தோற்கவேண்டும் என்ற ஆசையும் ஒன்றாகக் கலந்து, எது எது என்றே பிரிக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை கூடத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. நர்ஸிடம் போய்த் திரும்பவும் கையை நீட்டினாள். போன வாரம்தானே கொடுத்தீர்கள் என்று நர்ஸ் கேட்டதற்கு, சந்தேகம் என்றாள். கூடவே நர்ஸின் ரத்தத்திலும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினாள். நர்ஸின் மலை போகவேண்டிய இடத்துக்குப் போய் நின்றது. அவளுடையது பாதியில் நின்றது. குழாயை மாற்றி ஓட்டினாள். மெஷினைக் கழுவிவிட்டு ஓட்டினாள். மெஷினுக்கு ஓரகத்தியைத் தெரியாது. மூன்று தடவையும் ஒரே பதிலைத்தான் சொன்னது.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் இளையவள் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் படியேறிப் போய், கொடியின் இந்தப் பக்கம் நின்று, தானும் இரண்டு துணியை எடுத்து மடித்தாள். நடுவில் ஒரு போர்வை தொங்கியது. முகம் தெரியாதது வசதியாக இருந்தது.

"பதினாலாம் நம்பர் நான்தான்" என்றாள்.

அந்தப் பக்கம் கிளிப் எடுக்கிற சத்தம் நின்றது. இளையவள் போர்வையை விலக்கிக்கொண்டு வந்தாள். முதலில் கேட்டது, "உங்க ஆபரேஷன் என்னைக்கு?" என்பதுதான். தேதியைச் சொன்னதும் விரல்விட்டு நாள் எண்ணினாள். திங்கட்கிழமையே சர்ஜனைப் பார்க்கவேண்டும், ஏற்றுவதற்குத் தட்டணு ஏற்பாடு செய்து வைக்கவேண்டும், பயப்பட ஒன்றுமில்லை, தெரியாமல் போயிருந்தால்தான் ஆபத்து என்று மளமளவென்று பேசினாள். மூத்தவளுக்கு அதைக் கேட்க முடியவில்லை.

"இரு, இன்னும் இருக்கு" என்றாள். "அன்னைக்கு உன் குழாய் வெயில்ல நின்னுது. நான் பாத்தேன். மூடாம சாப்பிடப் போயிட்டேன். மங்கட்டும்னுதான் போனேன்."

இளையவள் கையிலிருந்த துணியை மடித்துக் கூடையில் போட்டாள்.

"அது மிச்சம்க்கா. கரைச்சு வெச்சதுல மிஞ்சினது, கொட்டறதுக்கு வெச்சிருந்தேன். அசல் குழாய் ஃப்ரிட்ஜுலதான் இருந்தது." பிறகு தலையை நிமிர்த்தினாள். "ஆனா அது உங்களுக்குத் தெரியாதுல்ல."

இளையவள் துணிக்கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். போர்வை கொடியிலேயே கிடந்தது. மூத்தவள்தான் எடுத்து மடித்தாள்.

அதற்குப் பிறகு இளையவள் அவளிடம் பேசவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் மகளிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தனுப்பினாள். சர்ஜனுக்கு எழுதிய கடிதம். இன்ன ஏற்பி, இன்ன அளவு, இன்ன இன்ன முன்னேற்பாடு தேவை என்று ஒரே பக்கத்தில், ஒரு வார்த்தை கூடுதலோ குறைவோ இல்லாமல் எழுதியிருந்தாள். மூத்தவள் அதைப் படித்தாள். கோபத்தில் இருக்கிறவள் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாளே என்று அதற்கும் ஒரு பொறாமை எட்டிப்பார்த்தது. தன்னை நினைத்தே அவளுக்கு அலுப்பாக வந்தது.

வியாழக்கிழமை கூட்டத்தில் அவள் கைதூக்கி எழுந்தாள். அன்றைக்குத் தான் சொன்னது தப்பு, ஆன்டிபாடி நன்றாகத்தான் இருக்கிறது, குறை ரத்தத்தில், அந்த ரத்தம் தன்னுடையது, அளவுக் கட்டத்தைப் பார்க்காமல் விட்டது தன் பிழை என்று வரிசையாகச் சொன்னாள். வெயில் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. இளையவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க பொண்ணுக்குப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

அது மூத்தவளுக்குத் தோன்றவே இல்லை. இத்தனை நாளும் தன் தோல்வியையும் இளையவளின் வெற்றியையும் எடைபோட்டுக்கொண்டிருந்ததில், தாயிடம் பாதி என்றால் பிள்ளைக்கும் வரலாம் என்கிற மூன்றாம் வகுப்புக் கணக்கு அவளுக்கு மறந்தே போயிருந்தது. கூட்டத்தின் நடுவிலேயே கணவனுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி மகளைக் கூட்டிவந்தார்கள். ஊசி போடும்போது பெண் சித்தியின் கையைத்தான் பிடித்துக்கொண்டது. மூத்தவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இளையவள் பேசாமல் ஆன்டிபாடியைச் சேர்த்து, இருபது நிமிஷம் இருட்டில் வைத்து, குழாயை மெஷின் அறைக்குக் கொண்டுவந்து நீட்டினாள். ஓட்டவேண்டியது மூத்தவள். பொத்தானை இரண்டு தடவை தவறவிட்டாள். இளையவள் குனிந்து, அவள் கைமேல் கை வைத்து அழுத்தினாள்.

இந்த ஆன்டிபாடி ஒளிர்ந்துவிடக்கூடாது என்று எத்தனை நாள் நினைத்திருப்பாள். அன்று, எரி, நன்றாக எரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தன. மலை பாதியைத் தாண்டியது. இன்னும் போனது. மற்றவர்களின் மலை நின்ற இடத்தில் போய், ஒல்லியாக, நேராக நின்றது. அளவுக் கட்டத்தையும் பார்த்தாள். இரண்டு முறை பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இளையவள் தட்டிக்கொடுக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. அச்சடித்த காகிதத்தை எடுத்து, துளையிட்டு, கோப்பில் போட்டுவிட்டு, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

ஆபரேஷன் குறித்த நாளில் நடந்தது. தட்டணு பை தயாராக இருந்தது. ஒரு கட்டத்தில் எதிர்பார்த்ததைவிட ரத்தம் அதிகமாகத்தான் போனதாம். உடனே ஏற்றினார்களாம், நின்றுவிட்டதாம். கடிதம் மட்டும் இல்லையென்றால் திண்டாடிப் போயிருப்போம் என்று சர்ஜன் கணவனிடம் சொன்னார். கணவன் மாமியாரிடம் சொன்னான். மாமியார் வார்டு முழுக்கச் சொன்னார்.

மறுநாள் காலை மூத்தவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மாமியார் பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம், எங்கள் சின்னவள் கண்டுபிடித்தாள், ஒரு துளி ரத்தத்தில் கண்டுபிடித்தாள், அவள் கை பட்டால் எல்லாம் துலங்கும் என்று விலாவாரியாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையாகச் சொல்லும்போது அதில் மூத்தவளின் பெயரே இல்லை; ஏதோ ஒரு நோயாளி என்று ஆகிவிட்டிருந்தாள். கேட்கக் கேட்க, பழைய இடத்தில் பழையபடி எரிந்தது. உயிர் பிழைத்துக் கிடக்கிறவளுக்கு இதுவா தோன்றவேண்டும் என்று நினைத்தாள். தோன்றத்தான் செய்தது.

பத்து மணிக்கு இளையவள் வந்தாள். மாமியாரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மொட்டைமாடிக்குப் பிறகு அவள் நேராகப் பேசியது அன்றுதான்.

"வலிக்குதாக்கா?"

"வலி இல்ல" என்றாள் மூத்தவள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "உன்னப் பாத்தா வயிறு எரியுது. இப்பவும் எரியுது. பொய் சொல்லி என்ன ஆகப்போகுது."

இளையவள் போர்வையை லேசாக விலக்கி, வயிற்றில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிகளைப் பார்த்தாள்.

"நாலு எடத்துல தையல் போட்டிருக்கு. எரியாம என்ன செய்யும்."

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுத்தது, இழுத்தால் இன்னும் சிரிப்பு வந்தது. சிரிக்க வைக்காதே, போய்விடு என்று கையால் சைகை காட்டினாள். இளையவள் போகவில்லை. முகத்தில் சிரிப்பு இல்லாமல், ஆனால் கோபமும் இல்லாமல், பிளாஸ்கைத் திறந்து வெந்நீரை டம்ளரில் ஊற்றி ஆற்றத் தொடங்கினாள்.